நன்றி சொல்ல வாய் வராத நாட்கள்

எழுதியிருப்பவர் 36 வயதுச் சகோதரி ஒருவர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். பல ஆண்டுகள் ஜெபத்தோடு காத்திருந்து இரண்டாவது முறை கருவுற்றார். பத்தாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. நான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன்பு வரை, கர்த்தர் அன்றன்று செய்த மூன்று நன்மைகளை ஒவ்வொரு இரவும் ஒரு நோட்டில் எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. கருவுற்ற பிறகு வாந்தியும் அசதியுமாக இருந்ததால் அந்த நோட்டைத் தொடவில்லை. ‘சந்தோஷத்தில் நன்றியை மறந்தேன். அதனால்தான் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்’ என்ற எண்ணம் இப்போது அவரை விடாமல் துரத்துகிறது.

ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர், “இதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லு, அப்போதுதான் இரட்டிப்பாகத் தருவார்” என்றாராம். கணவர் தினமும் குடும்ப ஜெபத்தில் சத்தமாக நன்றி சொல்கிறார். அதைக் கேட்கும்போது இவருக்கு உள்ளுக்குள் கோபம் வருகிறது. மகள் ஒருநாள், “பாப்பா செத்துப்போனதுக்கும் நாம நன்றி சொல்லணுமாம்மா?” என்று கேட்டிருக்கிறாள். இவரிடம் பதில் இல்லை. பள்ளி விழாவில் மகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்த அன்று, ‘அதற்குள் மறந்துவிட்டேனே’ என்று இரவெல்லாம் அழுதிருக்கிறார். “நல்லது ஏதாவது நடந்தால்கூட அடுத்து எதை எடுக்கப்போகிறாரோ என்று பயமாக இருக்கிறது. தூக்கம் சரியில்லை. சில நாள் காலையில், எழாமலே போயிருந்தால் நன்றாயிருந்திருக்குமே என்று தோன்றுகிறது. நன்றி சொன்னால் பொய், சொல்லாவிட்டால் பாவம் என்றால் நான் என்னதான் செய்வது?” என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில், உங்கள் பிள்ளைக்காக நான் வருந்துகிறேன். பத்து வாரம்தானே என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். பல ஆண்டு ஜெபத்தின் முடிவில் வந்த பத்து வாரம் அது. அதன் கனம் உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் போவதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். எழாமலே போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் நேரடியாகவே கேட்க வேண்டும்: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால், இதை முழுதும் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். இன்றே கணவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ இதே வார்த்தைகளில் சொல்லி, மருத்துவரிடம் போங்கள். அப்படி எண்ணம் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மன அழுத்த நோயா (டிப்ரெஷன்) என்று பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ நடைமுறை. கரு கலைந்த பெண்களுக்கு அது வரக்கூடும். சிகிச்சையும் உண்டு.

மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் வருகிறான். கண்டிப்பதில்லை, பிரசங்கம் பண்ணுவதில்லை, முதலில் ஸ்தோத்திரம் சொல் என்று கேட்பதுமில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். ஓய்ந்துபோன தம் ஊழியக்காரனைத் தேவன் நடத்திய விதம் இது. உங்களையும் அவர் அப்படித்தான் நடத்துவார் என்று நம்புகிறேன்.

நோட்டில் எழுதாததால் பிள்ளை போனதா?

இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருத்துவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் ஏற்பட்ட பிழை. பெரும்பாலும் அது கரு உருவாகும் நேரத்திலேயே தற்செயலாக நடந்துவிடுகிறது. தாய் என்ன செய்தாள், எதை மறந்தாள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் விஷயத்தில் குறிப்பாக என்ன காரணம், அடுத்த முறைக்கு ஏதாவது பரிசோதனை தேவையா என்பதை உங்களைப் பார்த்த மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கப் பயந்துகொண்டு இருப்பதால்தான் பழி முழுவதும் அந்த நோட்டின் மேல் போய் விழுகிறது என்று நினைக்கிறேன்.

இனி வேதம். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டது உங்கள் கேள்வியைத்தான்: யார் செய்த பாவம்? இயேசு, அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார். இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகள் கதை உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அதுவும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று இயேசு கேட்டார். அந்தக் கேள்வியில் வருத்தம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது பேருக்குக் குஷ்டம் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. அதே லூக்கா ஆறாம் அதிகாரத்தில் உன்னதமானவரைப்பற்றி இயேசு சொல்வதைப் பாருங்கள்: “அவர் நன்றியறியாதவர்களுக்கும் துரோகிகளுக்கும் நன்மைசெய்கிறாரே.” நன்றி என்பது, கட்டத் தவறினால் பாலிசி காலாவதியாகிவிடும் பிரீமியம் அல்ல. வாந்தியும் அசதியுமாகத் தூங்கிப்போன ஒரு தாயிடம் கணக்குக் கேட்டுப் பிள்ளையைப் பறிக்கும் தேவனை நான் சுவிசேஷங்களில் எங்கும் பார்க்கவில்லை.

இரட்டிப்பு விஷயத்தையும் பேசிவிடுவோம். ஜெபக்குழுவின் அந்தச் சகோதரி, பிள்ளைகளையும் ஆஸ்தியையும் இழந்த யோபுவை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். யோபு தொடக்கத்தில் “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்” என்று சொன்னது மெய். அந்த வசனத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்குப் பிறகு அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு வழக்காடுகிறான். கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொள்கிறார்? யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய் (சரியாக) பேசவில்லை என்று, துக்கத்துக்குக் காரணம் கற்பித்த சிநேகிதர்களைத்தான். இரட்டிப்பான ஆஸ்தி அவனுக்கு வந்தது, அந்தச் சிநேகிதருக்காக அவன் வேண்டுதல் செய்தபோது. அங்கேயும் பிள்ளைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகவில்லை, முன்போலவே ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும்தான். இழந்த பிள்ளைக்கு ஈடு என்று இன்னொரு பிள்ளையை யாரும் கணக்கில் வைக்க முடியாது. நன்றி சொன்னால் இன்னொரு குழந்தை கிடைக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கும் அதிகாரம் இல்லை, அந்தச் சகோதரிக்கும் இல்லை.

நன்றியும் அழுகையும்

“எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்கிறதே என்று கேட்பீர்கள். சொல்கிறதுதான். அதை நான் லேசாக்கப் போவதில்லை. ஆனால் அந்த வசனத்தைத் தனியே வெட்டி எடுக்காமல், நிருபத்தை உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அன்பானவர்களை மரணத்தில் இழந்து கலங்கிக்கொண்டிருந்த சபைக்குப் பவுல் எழுதியது அது. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார், துக்கமே கூடாது என்று சொல்லவில்லை. ஸ்தோத்திரத்தைப்பற்றிச் சொல்வதற்கு நாலு வசனம் முன்பு, “திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்” என்று சபைக்குச் சொல்கிறார். உங்களிடம் 18ஆம் வசனத்தைக் கேட்கிறவர்களுக்கு 14ஆம் வசனத்தின் கடமை இருக்கிறது.

எபேசியர் 5:20ஐயும் யாராவது காட்டுவார்கள், எல்லாவற்றிற்காகவும் என்றே அங்கே இருக்கிறது என்று. அதற்கு முந்தின வசனம் சங்கீதங்களைப் பாடச் சொல்கிறது. சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதமும் ஆராதனையில் பாடப்பட்டதுதான். அது கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்புகிறது. 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதுகூட இல்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. முடிவில் ஒரு ஸ்தோத்திரத்தைச் சேர்த்துவிடலாமே என்று யாரும் அதைத் திருத்தவில்லை. அப்படியே நம் வேதத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது யோவான் 11ஆம் அதிகாரம். தம் நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறார் என்பது தெரிந்தும் அழுதார். கல்லறைக்கு வந்ததும், அந்தக் கண்ணீர் காய்வதற்குள், “பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்” என்றார். கவனியுங்கள், லாசரு செத்ததற்காக அவர் நன்றி சொல்லவில்லை. பிதா கேட்கிறார் என்பதற்காக நன்றி சொன்னார். மரணத்தை வேதம் சத்துரு என்றே அழைக்கிறது. பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு அது. அந்தச் சத்துரு உங்கள் வீட்டில் செய்ததற்காக நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று நான் நம்பவில்லை. தேவன் தீமையிலிருந்தும் நன்மையைக் கொண்டுவருவார் என்று முழு மனதோடு நம்புகிறேன். அதற்காகத் தீமைக்கு நன்மை என்று பெயர் வைக்கத் தேவையில்லை.

ஆகவே, ‘சொன்னால் பொய், சொல்லாவிட்டால் பாவம்’ என்ற முடிச்சு அவிழும் என்று நினைக்கிறேன். பொய்யான நன்றியை அவர் கேட்கவில்லை. “அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்” என்று 62ஆம் சங்கீதம் அழைக்கிறது. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அப்படித்தான் ஊற்றினாள், மனங்கசந்து அழுதாள். ஆசாரியனே அவளைத் தப்பாகப் புரிந்துகொண்டு குடித்திருக்கிறாள் என்று எண்ணினான். அவளுக்குப் பிள்ளை கிடைத்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் அழுதபோது கர்த்தர் பக்கத்தில் இருந்தார், ஆசாரியனுக்குப் புரியாதது அவருக்குப் புரிந்தது, அதற்காகச் சொல்கிறேன். முறையிட ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவள்தான் முறையிடுவாள். அந்த நம்பிக்கை உங்களிடம் இன்னும் இருக்கிறது.

நல்ல நாளைப்பற்றிய பயம்

மகளைப் பார்த்துச் சிரித்த நாளுக்காக நீங்கள் அழுதீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது. துக்கம் ஒரே சீராக வருவதில்லை. இரண்டு நாள் அழுகை, ஒருநாள் சிரிப்பு, மறுபடி அழுகை என்று மாறி மாறித்தான் வரும். சிரித்ததால் பிள்ளையை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. உங்கள் அன்பை நிரூபிக்க நீங்கள் எப்போதும் துக்கமாகவே இருக்க வேண்டியதுமில்லை.

உண்மையில் நல்ல நாளில் நன்றி சொல்வதுதான் கடினமானது என்று வேதம் சொல்கிறது. நாம் தலைகீழாக நினைக்கிறோம். உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே எச்சரிப்பது வனாந்தரத்தைப்பற்றி இல்லை. நீ சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டிக் குடியிருக்கும்போது உன் தேவனை மறக்காதே என்கிறார். மறக்காதே என்பதன் நோக்கம் பயமுறுத்துவது இல்லை, கையில் இருப்பதைக் கொடுத்தவரோடு சேர்ந்து அனுபவிப்பது. நன்மையான எந்த ஈவும் பரத்திலிருந்து வருகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். அப்படியானால் மகளின் முகத்தைப் பார்த்து வந்த அந்தச் சிரிப்பும் ஒரு ஈவுதான். அடுத்த முறை அப்படி ஒரு நிமிடம் வரும்போது, எடுத்துக்கொள்வாரோ என்று மனம் ஓடத் தொடங்கும். ஓடட்டும், அதோடு சண்டை போட வேண்டாம். “ஆண்டவரே, இந்த நிமிடம் உம்மிடமிருந்து வந்தது, நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி அவளைப் பாருங்கள்.

ஒரு வகை நன்றியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘பிள்ளையே இல்லாதவர்கள் எத்தனை பேர், உனக்கு ஒன்றாவது இருக்கிறதே’ என்று ஒப்பிட்டுச் சொல்லும் நன்றி. ஆலயத்தில் நின்று, மற்றவர்களைப்போல நான் இல்லாததால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்ற பரிசேயனின் ஜெபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரின் குறைவை மிதித்துக்கொண்டு நிற்கும் நன்றி யாருக்கும் ஆறுதல் தராது.

இப்போதைக்குச் செய்யக்கூடியது

இரவுதோறும் மூன்று என்ற கணக்கை விட்டுவிடுங்கள். இது வேதக் கட்டளை இல்லை, நல்ல பழக்கம் என்று யாரோ சொல்லிக்கொடுத்த முறை. நன்றியை எழுதி வைப்பதைப்பற்றி ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. எழுதினவர்கள் தங்கள் வாழ்க்கையைப்பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் எழுதினதில், வாரம் ஒருமுறை எழுதினவர்களுக்குப் பலன் இருந்தது, வாரம் மூன்று முறை எழுதினவர்களுக்கு இல்லை. கடமையாகிவிட்டால் பழக்கம் சாரமிழந்துவிடுகிறது போலும். 2021இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல், மன அழுத்தத்தையும் பதற்றத்தையும் குறைப்பதில் இந்தப் பயிற்சிகளின் பலன் சிறிது என்றே முடித்தது. ஆகவே நோட்டை மருந்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாரத்தில் ஒருநாள் போதும். நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் முறையீடு: அந்த வாரம் எது வலித்தது, ஆண்டவரிடம் என்ன கோபம், உள்ளது உள்ளபடி. வலது பக்கம் நன்றி, ஒன்றே ஒன்று, ஆனால் விவரமாக. ‘குடும்பத்துக்காக நன்றி’ என்று எழுதுவதைவிட, ‘செவ்வாய்க்கிழமை நான் அழுதபோது ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்காக’ என்று எழுதுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கும் வாரம் காலியாகவே இருக்கட்டும். பிலிப்பியர் 4:6இல் விண்ணப்பமும் ஸ்தோத்திரமும் ஒரே ஜெபத்துக்குள்தான் இருக்கின்றன. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது என்றில்லை.

சொந்த வார்த்தையே வராத நாளில் சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள். 13ஐ மெதுவாக வாசியுங்கள். அதுவும் முடியாவிட்டால், ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8:26ஐ நம்பி, சும்மா உட்கார்ந்திருங்கள். அதுவும் ஜெபமே.

மகளும் கணவரும்

மகள் கேட்டது நல்ல கேள்வி. நேராகவே பதில் சொல்லுங்கள்: “இல்லடா கண்ணு. பாப்பா செத்ததுக்கு நன்றி சொல்ல வேண்டாம். அது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் துக்கம். இயேசுவும் தன் நண்பர் செத்தபோது அழுதார். நீ எங்களோடு இருக்கிறாயே, அதுக்கு நன்றி சொல்லலாம்.” பாப்பா தூங்கிவிட்டது என்றோ, ஆண்டவருக்குப் பிடித்ததால் எடுத்துக்கொண்டார் என்றோ சொல்லாதீர்கள். முதலாவதைக் கேட்ட பிள்ளை தூங்கப் பயப்படலாம், இரண்டாவதைக் கேட்ட பிள்ளை ஆண்டவருக்குத் தன்னைப் பிடித்துவிடுமோ என்று பயப்படலாம். இன்னொன்று: இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் நினைத்ததாலோ செய்ததாலோ இப்படி ஆகிவிட்டது என்று ரகசியமாக நம்புவதுண்டு. உன்னால் ஆனதில்லை என்று அவள் கேட்காமலே சொல்லுங்கள்.

கணவரைப் பொறுத்தவரை, அவருக்குத் துக்கமில்லை என்று அவசரமாக முடிவு கட்ட வேண்டாம். சத்தமான நன்றி சில ஆண்களுக்கு உடைந்துபோகாமல் இருக்கப் பிடித்துக்கொள்ளும் பிடி. தனியாக இருக்கும்போது, “நீங்க நன்றி சொல்றப்ப நான் தனியா விடப்பட்ட மாதிரி இருக்கு. உங்களுக்கு உள்ளே எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். அதன்பின் குடும்ப ஜெபத்தில் பிள்ளையின் இழப்பை ஒரு வாக்கியமாவது இருவரும் பேரெடுத்துச் சொல்லி ஜெபியுங்கள்.

ஜெபக்குழுச் சகோதரி உங்களை நேசித்துத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் நாலு மாதத் துக்கத்தில் இருக்கும் ஒரு தாயிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்பதே என் தீர்மானமான கருத்து. “அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்பது சபைக்குத் தெளிவான கட்டளை. “அக்கா, எனக்காக ஜெபியுங்க. இப்ப ஆலோசனை வேண்டாம், கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்தா போதும்” என்று மரியாதையோடு சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரியாவிட்டால், சில மாதங்களுக்கு அந்தக் குழுவுக்குப் போகாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அது சபையை விட்டு விலகுவதாகாது. போதகரிடமோ அவர் மனைவியிடமோ காரணத்தைச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போய்க்கொண்டிருங்கள். பாட முடியாத பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். உங்களுக்காகவும் சேர்த்து மற்றவர்கள் பாடட்டும்.